மயில் பறந்தது, தச்சன் எங்கே போனான்? – அறிவியல் புதினங்களும் திரைப்படங்களும் விட்டுவிட்ட கணக்கு

சீவக சிந்தாமணி படித்தவர்களுக்கு மயிற்பொறி நினைவிருக்கும். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தேவி விசயை கண்ட தீக்கனவின் பொருளை உணர்ந்து, கருவுற்றிருந்த அவளுக்காக மயில் வடிவில் ஒரு வான்பொறி செய்விக்கிறான். பொறியை வலமாகத் திருப்பினால் மேலெழும், இடமாகத் திருப்பினால் கால் குவித்து இறங்கும். கட்டியங்காரன் படையோடு வந்து வளைத்தபோது அரசி அதில் ஏறித் தப்புகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். கந்துக்கடன் என்னும் வணிகன் பிள்ளையை எடுத்துப்போய் வளர்க்கிறான்.

எங்கள் நயினார் குடும்பங்களில் சிந்தாமணியை வாசிப்பதும் பொருள் சொல்வதும் பழைய வழக்கம். உ.வே.சாமிநாதையர் 1887-ல் அந்த நூலைப் பதிப்பிப்பதற்குமுன் கும்பகோணத்துச் சமணப் பெரியவர்களிடம் பாடம் கேட்டார் என்பதும் பலர் அறிந்த செய்தி. இத்தனை பேர் இத்தனை காலம் படித்தும் ஒரு கேள்வியை யாரும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. மயிலைச் செய்த தச்சன் என்ன ஆனான்? அரசன் மாண்டான், நாடு கட்டியங்காரன் கைக்குப் போயிற்று. பறக்கும் பொறி செய்யத் தெரிந்த ஒருவன் அந்த ஊரிலேயே இருந்திருப்பானா? வேறு நாட்டுக்குப் போயிருப்பானா? போனால் கூலிக்காகவா, உயிருக்காகவா, தன் வித்தையை மதிக்கும் ஓர் அரசனைத் தேடியா? காப்பியம் மயிலின் பின்னே போகிறது. தச்சனின் பின்னே போகவில்லை.

கைத்தொழில் அறிந்தவர்கள் நாடுவிட்டு நாடு போவது அந்தக் காலத்துக்குப் புதிதல்ல. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கிய காதையில், சோழன் உலவும் மண்டபம் ஒன்று வருகிறது. அதைக் கட்டியவர்கள் யார் என்று சாத்தனார் பெயர் சொல்கிறார். மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த கைவினைஞர்கள் தமிழ்க் கைவினைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார்களாம். சிறைக்காகவே பேர் பெற்ற ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காதையைப் படிப்பது தனி அனுபவம். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: வேலை தெரிந்தவன் இடம்பெயர்வதைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும் என்று ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அவரும் ஏன் வந்தார்கள் என்று சொல்லவில்லை.

அறிவியல் புதினங்கள் திரைப்படமாகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. பொறி திரைக்கு வந்துவிடுகிறது. அதைச் செய்தவன், இயக்குபவன், அதற்காக ஊரை விட்டவன் எதற்காக விட்டான் என்ற கணக்கு வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. சில படங்கள்தான் விழுந்ததைத் திரும்பிப் பார்த்து எடுத்துக்கொள்கின்றன.

ஐந்தொகை

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஐந்தொகை என்றால் என்னவென்று தெரியும். ஆண்டு முடிவில் வரவு, பற்று, இருப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து நிறுத்துவது. ஒரே ஓர் உருப்படியைப் பார்த்து லாபமா நட்டமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் திறமைசாலி ஒருவன் ஊரை விட்டுப் போனால் மட்டும் நாம் ஒரே உருப்படியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். “காசுக்காகப் போயிட்டான்” என்போம். இல்லாவிட்டால் “இங்க யாரும் மதிக்கல, அதான்” என்போம்.

உண்மையில் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன பாருங்கள். முதலாவது கூலி. இரண்டாவது கருவி: கற்ற வித்தைக்கு வேண்டிய ஆய்வகம், இயந்திரம், அதே வித்தை தெரிந்த பத்துப் பேரின் கூட்டு. மூன்றாவது மேலே இருப்பவன்: தகுதி பார்த்து உயர்த்துவானா, ஆள் பார்த்து உயர்த்துவானா என்பது. நான்காவது பிள்ளைகளின் படிப்பும் மனைவியின் அல்லது கணவனின் வேலையும். ஐந்தாவது முன்னே போனவர்கள்: அண்ணன் போன ஊருக்குத் தம்பியும், ஒரு வகுப்பில் படித்தவன் போன கம்பெனிக்கு அடுத்தவனும் போவது. பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டியவையும் உண்டு. வயதான பெற்றோர், வீடு, மொழி, கோயில், பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு பேசும் பேச்சு.

விண்மீன் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளலாம். 1930-ல் சென்னை அரசின் உதவித்தொகையோடு பம்பாயில் கப்பலேறியபோது வயது பத்தொன்பது. விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் என்ன ஆகும் என்ற கணக்கின் தொடக்கத்தைக் கப்பலிலேயே போட்டார். கேம்பிரிட்ஜில் ஆய்வு. 1935-ல் இலண்டன் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய முடிவை எல்லோர் முன்னும் ஏளனம் செய்தார். 1937-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். 1953-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1983-ல் நோபல் பரிசு. இதில் அவர் போனதற்குக் ‘காரணம்’ எது? உதவித்தொகையா, ஆசிரியர்களா, எடிங்டனா, யெர்க்ஸின் தொலைநோக்கியா? ஒன்றைப் பிடித்தால் மற்றது தவறும். எல்லாம் சேர்ந்த ஐந்தொகைதான் விடை.

புதினத்துக்கு இந்த ஐந்தொகையைத் தாங்க இடம் உண்டு. நானூறு பக்கம் இருக்கிறது. படத்துக்கு இரண்டரை மணி நேரந்தான். அதனால் படம் ஓர் உருப்படியை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது. எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கழிக்கிறது என்பதைக் கவனித்தால் அந்தப் படத்தை எடுத்த சமூகம் இடம்பெயர்தலைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கலை அரசி

புதினத்திலிருந்து வந்ததல்ல என்றாலும் 1963-ல் வெளிவந்த ‘கலை அரசி’யிலிருந்துதான் தமிழில் தொடங்க வேண்டும். ஏ.காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு. வேற்றுக் கிரகத்தவர் வரும் முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படுவது. வானூர்தியும் விஞ்ஞானமும் கைவந்த அந்தக் கிரகத்தாருக்கு ஆடலும் பாடலும் தெரியாது. அவற்றைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டும் என்று நம்பியார் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். காதலன் எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டு வருகிறார்.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கதைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பணக்கார நாடு ஒன்றுக்கு ஒரு திறமை குறைகிறது. ஏழை நாட்டில் அது இருக்கிறது. அதை எடுத்துப் போகிறார்கள். இதற்கு ஒரு பெயர் அதே காலத்தில்தான் உலகத்தில் பரவியது. பிரிட்டனின் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள் என்று இலண்டன் ராயல் சொசைட்டி 1963-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டித்தான் ‘பிரெயின் டிரெயின்’ என்ற சொல் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. நாம் அதை ‘மூளை வடிதல்’ என்றும் ‘அறிவு வெளியேற்றம்’ என்றும் எழுதுகிறோம். கோடம்பாக்கத்துக்கு அந்த அறிக்கை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் விஷயம் ஒன்றே.

‘கலை அரசி’ ஐந்தொகையில் எதை வைத்துக்கொண்டது? ஒன்றையும் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கூலி கிடையாது, அவள் விருப்பத்தைக் கேட்பார் இல்லை. போவது என்றாலே கடத்தப்படுவது, திரும்புவது என்றால் வெற்றி. இந்த அச்சுத்தான் நம் படங்களில் பிறகும் தொடர்கிறது.

சுஜாதாவின் இரண்டு அலமாரிகள்

தமிழில் அறிவியல் புனைகதை என்றால் சுஜாதா பெயர்தான் முதலில் வரும். 1935-ல் பிறந்த ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். சிவில் விமானத்துறையில் டெல்லியிலும் பிறகு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பெங்களூரிலும் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அவரும் நம்மைப் போலத் தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்த்த தமிழர் என்பதை நம் சங்கத்தார் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. 2022-ஆம் ஆண்டின் இந்தியா. ஜீவா என்ற ஆட்சியாளன். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். பிள்ளை பெறவும் அனுமதி வாங்க வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து மனிதர்களைவிடப் புத்திசாலியாகிறது. கதையில் இல்லாதது ஒன்றே ஒன்று: இந்த நாட்டில் இருக்க முடியவில்லை, வேறு நாட்டுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம். அங்கே போராட்டம் உண்டு, புலம்பெயர்தல் கேள்வியாக எழுவதே இல்லை.

இதே சுஜாதாதான் ‘பிரிவோம் சந்திப்போம்’ எழுதினார். அதில் வேலைக்குக் காத்திருக்கும் இஞ்சினீயர் ரகுபதி. அவன் மனதைக் கவர்ந்த மதுமிதாவோ அமெரிக்க மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்படுகிறாள். இரண்டாம் பாகத்தில் ரகுபதியும் அமெரிக்கா போகிறான். அந்தப் புதினத்தில் விசா, படிப்பு, அங்கே போனவர்களின் அலட்டல், இங்கே விட்டுப்போன அப்பா என்று ஐந்தொகையின் உருப்படிகள் பலவும் இருக்கின்றன. ஆனால் இயந்திரம் இல்லை. 2009-ல் ‘ஆனந்தத் தாண்டவம்’ என்று படமானபோது காதல்தான் முன்னுக்கு வந்தது.

ஆக, இயந்திரங்கள் ஓர் அலமாரியில், புலம்பெயர்வோர் இன்னோர் அலமாரியில். இரண்டையும் நன்றாக அறிந்த ஒருவரே இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டார். சினிமாவும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1986-ல் வந்த ‘விக்ரம்’ சுஜாதாவின் கதைதான், குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்திரன் என்ற ஏவுகணை களவு போகிறது. உளவாளியும் கணினி தெரிந்த பெண்ணும் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறார்கள். இங்கேயும் நாட்டை விட்டுப் போனது களவுப் பொருள். போய் மீட்கவேண்டியது கடமை. ‘கலை அரசி’யின் அச்சு கொஞ்சமும் மாறவில்லை.

2010-ல் வந்த ‘எந்திரன்’ இன்னும் தெளிவு. வசனத்தில் சுஜாதாவின் கை இருந்தது; படம் முடிவதற்குமுன், 2008 பிப்ரவரியில், அவர் மறைந்துவிட்டார். சென்னையில் ஒரு விஞ்ஞானி பத்தாண்டுபோலப் பாடுபட்டு மனித உருவில் சிட்டியைச் செய்கிறார். அப்படி ஒருவரைத் தேடி வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கம்பெனியும் வராமல் இருக்குமா? படத்தில் அந்தப் பேச்சே இல்லை. தன் அறிவை வெளியாருக்கு விற்பவர் ஒருவர் உண்டு. அவர் வில்லன் போரா, வாங்குபவர்கள் பயங்கரவாதிகள். நல்லவன் உள்ளூரில் இருந்து இராணுவத்துக்குக் கொடுப்பான், கெட்டவன் வெளியே விற்பான் என்பதுதான் பாடம். சிட்டியின் ஒவ்வொரு திருகாணியையும் அன்போடு காட்டிய படம், வசீகரனின் சம்பளச் சீட்டைக் காட்டவில்லை.

படம் நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்த படம், நானும் பார்த்தேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஓர் அப்பா, பெங்களூரிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் தன் மகனை எந்தக் கண்ணால் பார்ப்பார்? திரை அவருக்கு இரண்டு கண்ணாடிதான் தந்திருக்கிறது. ஒன்றில் மகன் கடத்தப்பட்டவன், மற்றொன்றில் விலைபோனவன். இரண்டும் அவனுக்குப் பொருந்தாது.

டிக்கின் புதினமும் ஸ்காட்டின் படமும்

இயந்திரமும் புலம்பெயர்தலும் ஒரே அலமாரியில் இருக்கும் புதினம் வேண்டுமானால் பிலிப் கே. டிக் 1968-ல் எழுதியதைப் பார்க்க வேண்டும். மனித இயந்திரங்கள் மின்சார ஆடுகளைக் கனவு காணுமா என்பது அதன் தலைப்பு. ரிட்லி ஸ்காட் 1982-ல் அதை ‘பிளேட் ரன்னர்’ என்று படமாக்கினார்.

புதினத்தில் போர் முடிந்து பூமியெங்கும் நச்சுத் தூசி. அரசே ஆட்களை செவ்வாய்க்குப் போகச் சொல்கிறது. போகிறவனுக்கு ஒரு மனித இயந்திரம் இனாம், வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும். இருந்துவிடுகிறவன் தூசியால் கெட்டுப்போய், ‘தகுதியற்றவன்’ என்று ஒருநாள் முத்திரை குத்தப்படலாம். தள்ளுவது இன்னது, இழுப்பது இன்னது என்று டிக் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். அறிவுத் தேர்வில் தோற்றதால் போக முடியாத இசிடோர் என்ற ஓட்டுநர் காலியான பெரிய கட்டடத்தில் தனியாக வாழ்கிறான். எல்லோரும் போனபின் இருப்பவன் எப்படி இருப்பான் என்பதற்கு அவனைவிட நல்ல சித்திரம் நான் படித்ததில்லை.

படம் என்ன செய்தது? தூசியை எடுத்துவிட்டு ஓயாத மழையை வைத்தது. வெளிக் கிரகங்களுக்கு வாருங்கள் என்று வானத்தில் மிதந்து போகும் விளம்பர ஊர்தியை வைத்தது. இசிடோரின் இடத்தில் செபாஸ்டியன் என்ற உயிர்ப்பொறி வல்லுநர் வந்தார். இவர் திறமையில் குறைந்தவர் அல்ல, மேதை. ஆனால் இருபத்தைந்து வயதிலேயே முதுமை நோய். உடல் தகுதி இல்லாததால் போக விடவில்லை. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. திறமை இருந்தும் போக முடியாதவன் என்ற ஆளைப் புதினம் காட்டவில்லை, படம் காட்டியது. கண் செய்பவர், பாம்பு செய்பவர் என்று அந்த நகரத்துத் தெருவெல்லாம் கைவினைஞர்கள். மணிமேகலை மண்டபத்தின் தச்சர்கள் அங்கே வந்து கடை போட்டதுபோல இருக்கும்.

ஆனால் படம் இழந்ததும் உண்டு. புதினத்தில் செவ்வாயிலிருந்து மனித இயந்திரங்கள் பூமிக்கு ஓடி வருவதற்குப் பல காரணங்கள்: அடிமை வேலை, தனிமை, அந்த மண்ணின் வறட்சி. அங்கே எவ்வளவு வெறுமை என்று பிரிஸ் என்ற பெண் இசிடோரிடம் சொல்லும் இடம், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருக்கும். படத்தில் அந்தக் காரணங்களெல்லாம் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. நான்கு ஆண்டு ஆயுளை நீட்டிக்கத்தான் வந்தார்கள் என்று. கதை கூர்மையாயிற்று, உண்மைதான். கணக்கில் ஐந்து உருப்படி இருந்த இடத்தில் ஒன்றே மிஞ்சியது.

வெங்கட் எப்படி வின்சென்ட் ஆனார்?

இன்னொரு சிறு மாற்றத்தைச் சொல்கிறேன். சிறிதானாலும் நமக்கு நெருக்கமானது. ஆண்டி வியர் 2011-ல் இணையத்தில் தொடராக எழுதிப் பிறகு நூலான ‘தி மார்ஷியன்’, 2015-ல் அதே ரிட்லி ஸ்காட் கையால் படமானது. செவ்வாயில் தனியே விடப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கிறான். புதினம் முழுக்க நாட்குறிப்பும் கணக்கும். இத்தனை கிழங்கு, இத்தனை கலோரி, இத்தனை நாள் என்று கடைக் கணக்குப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும். எனக்கு அதில்தான் சுவை. படத்தில் கணக்கு குறைந்து வேகம் கூடியது. கடைசியில், அவன் பூமிக்குத் திரும்பிப் புதியவர்களுக்குப் பாடம் நடத்தும் காட்சியும் சேர்ந்தது.

அந்தப் புதினத்தில் நாசாவின் செவ்வாய்ப் பயணங்களைப் பொறுப்பேற்று நடத்துபவர் வெங்கட் கபூர். கடவுள் நம்பிக்கை பற்றிக் கேட்டால் தான் இந்து என்று சிரித்துக்கொண்டே சொல்பவர். படத்தில் அவர் பெயர் வின்சென்ட் கபூர். அப்பா இந்து, அம்மா பாப்டிஸ்ட் கிறிஸ்தவர் என்கிறார். கபூர் இருந்தது, வெங்கட் போயிற்று.

நடிகர் தேர்வினால் வந்த மாற்றமாக இருக்கலாம், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. வெங்கட் எந்த ஊரிலிருந்து, எப்போது, எதற்காக அமெரிக்கா வந்தார் என்று புதினமும் சொல்லவில்லை. நாசாவில் வெங்கட் இருப்பது அந்த எழுத்தாளருக்கு அவ்வளவு இயல்பாகப் போய்விட்டது. சியாட்டில், ஹூஸ்டன் என்று போன நம் பிள்ளைகளுக்கு இது ஒருவகையில் வெற்றி. இன்னொரு வகையில், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பாரே இல்லாத நிலை. மயில் நன்றாகப் பறக்கிறது. தச்சனின் பெயரை மாற்றினால்கூட யாருக்கும் தெரிவதில்லை.

தார்க்கோவ்ஸ்கி எடுத்த வீடு

படம் எப்போதும் கணக்கைத் தொலைத்துத்தான் தீர வேண்டுமா? இல்லை என்பதற்கு ‘சோலாரிஸ்’ சான்று. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம் 1961-ல் எழுதிய புதினம். உளவியல் அறிஞர் கெல்வின் தொலைதூரக் கிரகத்தின் ஆய்வு நிலையத்துக்குப் போகிறார். புதினம் அவர் விண்கலத்தில் இறங்குவதிலிருந்து தொடங்குகிறது. எங்கிருந்து வந்தார், யாரை விட்டு வந்தார் என்பது அதற்கு முக்கியமில்லை.

1972-ல் படமெடுத்த ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, புதினத்தில் இல்லாத ஒரு நீண்ட பகுதியை முன்னால் சேர்த்தார். பூமியில் கெல்வினின் அப்பா வீடு. குளம், நீர்ச்செடி, குதிரை, மழையில் நனையும் தேநீர்க் கோப்பை. பயணம் நெடியது, மகன் திரும்பும்போது தகப்பன் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. சண்டைகூடப் போட்டுக்கொள்கிறார்கள், நம் வீடுகளில் புறப்படும் அன்று நடப்பதைப்போல. படத்தின் கடைசியில் அதே வீடு மறுபடி வருகிறது. கேமரா மேலே போகப் போக, அந்த வீடு அயல் கிரகத்துக் கடலின் நடுவே ஒரு தீவில் இருப்பது தெரிகிறது. லெம்முக்குப் படம் பிடிக்கவில்லை என்பது பரவலாக அறியப்பட்டது. தன் கதை அறிவின் எல்லையைப் பற்றியது, இவர் வீட்டு ஞாபகமாக்கிவிட்டார் என்ற வகையில் அவர் குறைபட்டார்.

லெம் கேட்டது நியாயமே. ஆனால் என் துலாக்கோலில் தார்க்கோவ்ஸ்கியின் தட்டுத்தான் கனமாக இருக்கிறது. புதினம் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதியிருந்தது: அறிவு, ஆய்வு, புதிர். படம் பற்றுப் பக்கத்தைச் சேர்த்தது. அயல்நாட்டுக் கடலின் நடுவே அப்பா வீட்டைத் தீவாக வைத்துப் பார்ப்பதற்கு அந்தமான் தமிழர்களுக்கு விளக்கவுரை தேவையா என்ன?

நம் தீவின் பேரேடு

இந்தத் தீவுகளில் நாமே இடம்பெயர்ந்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே சுமார் 3.8 லட்சம் பேர். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். துறைமுகம், கட்டட வேலை, மரவேலை, கடை, அரசுப் பணி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர்கள் போனார்களா, அனுப்பப்பட்டார்களா, கைத்தொழில் அழைத்ததா? மூன்றும்தான்.

இப்போது நம் பிள்ளைகள் இங்கிருந்து போகிறார்கள். ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-லேயே வந்துவிட்டது, மருத்துவக் கல்லூரி 2015-ல் வந்தது. ஆனாலும் சென்னை, பெங்களூர், அப்புறம் துபாய், கனடா. இணையம் மோசம், அதனால்தான் போகிறார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னோம். செயற்கைக்கோளை நம்பியிருந்த நிலை மாறி, சென்னையிலிருந்து கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் வந்தது. வேகம் கூடியது, போவது நிற்கவில்லை. கருவி என்ற ஓர் உருப்படி சரியாயிற்று, மற்ற நான்கும் பேரேட்டில் அப்படியே நிற்கின்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியபோதும் கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்கும் பையன்களின் காரணங்கள் மாறவில்லை.

டெய்ரி ஃபார்மில் நம் கூட்டங்களுக்கு வரும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். “பையன் பிழைக்கப் போயிருக்கான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ‘பிழைக்க’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து உருப்படியையும் போட்டுப் பூட்டிவிடுகிறோம். பிள்ளையும் பூட்டிவிடுகிறான். தொலைபேசியில் வானிலை பேசிக்கொள்கிறோம். உள்ளே ஒரு பக்கம் குற்றவுணர்வு, மறுபக்கம் வருத்தம். இரண்டையும் வெளியே எடுத்துப் பேச மொழி இல்லை. அந்த மொழியைத் தர வேண்டியது கதையும் படமும்தான். ‘கலை அரசி’ தொடங்கி ‘எந்திரன்’ வரை நமக்குக் கிடைத்தது கடத்தலும் துரோகமும் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. இதனால்தான் இதை வெறும் சினிமா விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

எனவே ஓர் அறிவியல் புதினம் படமாகி வரும்போது, கிராபிக்ஸ் எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேட்போம். இந்தப் பொறியைச் செய்தவனுக்குக் கூலி கொடுத்தது யார்? அவன் எதை விட்டுவிட்டு வந்தான்? புதினத்தில் இருந்த எந்தக் காரணத்தைப் படம் எடுத்துவிட்டது? இந்த மூன்றுக்கும் விடை வைத்திருக்கும் படம் நல்ல தழுவல். அதில் ராக்கெட் அட்டையால் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

தமிழில் அப்படி ஒரு கதை இன்னும் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. சுஜாதாவின் இரண்டு அலமாரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் கதை. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர்கூட அதைத் தொடங்கலாம். அடுத்த மலருக்கு அனுப்பினால் பதிப்புக்குழு மகிழ்ந்து வெளியிடும் என்று நம்புகிறேன். கதைக்கு நாயகன் வேண்டுமென்றால் ஏமாங்கத நாட்டுத் தச்சன் சும்மாதான் இருக்கிறான். அரண்மனை எரிந்த இரவில் அவன் தன் உளியையும் சிற்றுளியையும் துணியில் சுற்றிக்கொண்டு எந்தத் திசையில் நடந்தான், கூட யார் போனார்கள், வீட்டில் யார் நின்றார்கள் என்று எழுதத் தொடங்கினால் போதும்.